நாற்பத்தொன்றாம் எண்ணின் குணம்

எழுபதுகளின் நடுவில் எர்ணாகுளத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களைவிடக் கட்டடத்துக்கு மானம் அதிகம். மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில் எட்டேகால் போட்டைப் பிடித்தால் ஒன்பதரைக்கு முன்னால் நாற்காலியில் இருக்கலாம். வருடம் முழுக்க வருகைப் பதிவு, பரீட்சைக் கட்டணப் பட்டியல், விடுதிக்கு மெமோ. ஜூன், ஜூலை வந்தால் மட்டும் அலுவலகத்துக்கு ஒரு தெய்வீகக் களை வந்துவிடும். அட்மிஷன்.

பி.எட். படிப்புக்கு எங்கள் கல்லூரி ஆள் எடுக்கும் முறை இதுதான். மொத்தம் நூறு மதிப்பெண். அதில் எழுபத்தைந்து, டிகிரியில் வாங்கியதைக் கணக்குப் போட்டு வருவது. மிச்சம் இருபத்தைந்து, குணநலனுக்கு. "நல்லாசிரியரை உருவாக்குவது மதிப்பெண் அல்ல, குணமே" என்று விளக்கக் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். அந்த வாக்கியத்தை ஆண்டுதோறும் ஸ்டென்சிலில் அடித்தவள் நான்தான். அடிக்கும்போது கொஞ்சம் சிலிர்க்கவும் செய்யும். குணத்தை ஐந்தாகப் பிரித்திருந்தார்கள்: தலைமைப் பண்பு, பொறுமை, பேச்சுத்திறன், தோற்றம், நன்னடத்தை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து. பிரின்சிபால், நிர்வாகத்தின் பிரதிநிதி ஒருவர், மூத்த விரிவுரையாளர் ஒருவர் என்று மூன்று பேர் நேர்முகத்தில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரின் குணத்தை அளந்து சொல்வார்கள் என்பது ஏற்பாடு.

அந்த வருடம் நேர்முகம் புதன்கிழமை. திங்கட்கிழமை மத்தியானம் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். பென்சிலில் எழுதியிருந்தது. இடப்பக்கம் விண்ணப்ப எண், வலப்பக்கம் ஒரு தொகை. பெயர் கிடையாது. இருபத்துநாலு, இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று சில. ஒன்பது, பத்து, ஒன்பது என்று பல. மேஜையில் பக்கத்திலேயே சிபாரிசுக் கடிதங்களின் கோப்பு திறந்து கிடந்தது. யார் கடிதம் என்பதைப் பொறுத்து அவற்றை அழகாக அடுக்கியிருந்தார். எஸ்டேட்காரர்கள் மேலே, வக்கீல்கள் நடுவில், பள்ளித் தலைமையாசிரியர்கள் அடியில். கடிதம் இல்லாதவர்களுக்கு ஒன்பதோ பத்தோ. அவர் மோசமான மனிதர் இல்லை. எதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் அவருக்கு.

"சாரே, தலைப்பு அஞ்சு உண்டல்லோ. இதில் டோட்டல் மாத்ரமே உள்ளூ" என்றேன்.

"அது நீ பிரிச்சு இட்டா மதி" என்றார் தலைநிமிராமல். நீயே பிரித்துப் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார். "பின்னே, எல்லார்க்கும் ஒரேபோலே இடண்டா. ஒண்ணு கூட்டியும் கொறச்சும் இடணம். கண்டால் ஒரு ஒரிஜினாலிட்டி வேணம்." எல்லாருக்கும் ஒரேமாதிரி போடாமல் கூட்டிக் குறைத்துப் போட்டால்தான் பார்க்க அசலாக இருக்குமாம்.

இன்று நினைத்தால் காது சூடாகிறது. அன்று சூடாகவில்லை. இருபத்துநாலு வயது, மேலதிகாரி ஒரு பொறுப்பை நம்பிக் கொடுத்திருக்கிறார் என்ற பெருமைதான் இருந்தது. கார்பன் தாளை வைத்து உருட்டி, அடிக்க ஆரம்பித்தேன். முதல் பத்துப் பேருக்கு யோசித்துப் போட்டேன். அப்புறம் கை பழகிவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் அறுபது பேருக்குக் குணம் வழங்கி முடித்தேன். இருபத்துநாலு வாங்கியவருக்கு எங்கே ஒன்றைக் குறைப்பது என்று தயங்கி, தோற்றத்தில் குறைத்தேன். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு ஒன்பது. ஐந்தால் சமமாகப் பிரியாது. முதல் கட்டத்தில் ஒன்றைப் போட்டுவிட்டால் மீதி நாலுக்கும் இரண்டிரண்டு. முதல் கட்டம் தலைமைப் பண்பு. தலைமைப் பண்பு: ஒன்று. அடுத்த வரி.

சாயங்காலம் தாளை மூத்த விரிவுரையாளரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த நல்ல மனிதர். வகுப்புக்குப் போகிற அவசரத்தில் தாளைச் சுவரில் வைத்து, மேல் பாதியைக் கையால் மறைத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

"படிக்கலையா சார்?"

"படிச்சால் ஒப்பிடான் தோணில்ல மோளே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். படித்தால் கையெழுத்துப் போடத் தோன்றாது என்பதை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை, நேர்முக அறையின் வாசலில் நின்று எண்களைக் கூப்பிடுவது என் வேலை. நாற்பத்தொன்று என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தவளை எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவைச் சேர்ந்த பெண். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, பாலக்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பம். அவளுடைய அத்தா மிளகுக் கிடங்கில் எடை பார்ப்பவர். அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். என்னை அக்கா என்பாள். விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். எந்த எண் என்று நான் கேட்கவில்லை.

அவளுக்குத் தலைமைப் பண்பு ஒன்று என்பதில் இருக்கும் கூத்து புரிய வேண்டுமானால் எங்கள் தெருக் குழாயைப் பற்றித் தெரிய வேண்டும். மட்டாஞ்சேரியைச் சுற்றி எங்கும் தண்ணீர், குடிக்க மட்டும் இல்லை. விடிகாலையில் ஒன்றரை மணி நேரம் பொதுக்குழாயில் வரும். தமிழ், மலையாளம், கொங்கணி என மூன்று பாஷையிலும் சண்டை நடக்கும்; குடங்கள் நசுங்கும். பதினெட்டு வயதில் அவள் ஒரு சுண்ணாம்புக் கட்டியோடு இறங்கினாள். குடத்துக்குக் குடம் எண் எழுதினாள். இன்று முதலில் பிடித்த வீடு நாளை கடைசி. அதோடு நிற்கவில்லை. தண்ணீர் விடும் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று மலையாளத்தில் மனு எழுதி, தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, அலுவலகம் அலுவலகமாக ஏறி நடத்தியும் காட்டினாள். அவள் குழாயடிக்கு வந்தால் என் அம்மாவே குரலைத் தாழ்த்திக்கொள்வாள். என் அம்மா குரலைத் தாழ்த்தியதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அறைக்கதவு முழுதாகச் சாத்தாது. உள்ளே நடந்தது எனக்குக் கேட்டது. டிகிரியைப் பற்றி ஒரு கேள்வி, வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. பிறகு பிரின்சிபால் கேட்டார்.

"கல்யாணம் கழிஞ்ஞால் பின்னே படிச்சிட்டு எந்தா பிரயோஜனம்?"

"சாருக்கும் கல்யாணம் கழிஞ்ஞதல்லே? சார் படிப்பிக்குன்னுண்டல்லோ" என்றாள்.

உங்களுக்கும் கல்யாணம் ஆகித்தானே பாடம் நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். மூத்த விரிவுரையாளர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார். இந்தப் பதில்தான் அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தது என்று பின்னால் அலுவலகத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமையே குறைத்தாயிற்று என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுக்கு அடுத்துப் போன எஸ்டேட் வீட்டுப் பையன் மாமாவையும் கூட அழைத்துப் போனான். பொழுதுபோக்கு என்ன என்று பையனைக் கேட்டார்கள், மாமா பதில் சொன்னார். பேச்சுத்திறன் ஐந்துக்கு ஐந்து.

வெள்ளிக்கிழமை தேர்வானவர் பட்டியல் பலகையில் ஏறியது. பெயர் மட்டும், மதிப்பெண் கிடையாது. அவள் பெயர் இல்லை. பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு நேராக அலுவலக ஜன்னலுக்கு வந்தாள். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தலைமைக் குமாஸ்தாவிடம், தனக்குக் குணநலனில் எத்தனை என்று கேட்டாள்.

"அது ரகசியமாணு" என்றார் அவர்.

"என்றே குணம் என்னோடு ரகசியமோ?" என் குணம் எனக்கே ரகசியமா என்கிறாள்.

தலைமைக் குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். முப்பது வருட சர்வீசில் அந்தக் கேள்வி அவருக்கு வந்ததில்லை.

மறுநாளே பதிவுத் தபாலில் கடிதம். சீட்டுக் கேட்கவில்லை அவள். "என் குணத்தில் எது குறைவு என்று தெரிவித்தால் ஓராண்டுக்குள் திருத்திக்கொண்டு மறுபடி விண்ணப்பிப்பேன். தெரிவிக்காவிட்டால் எதைத் திருத்துவது என்று தெரியாமல் நல்லதையும் மாற்றிவிட வாய்ப்பிருக்கிறது" என்று எழுதியிருந்தாள். பிரின்சிபால் அதை இரண்டு தடவை படித்தார். தேர்வுக் குழுவின் முடிவே இறுதியானது என்று ஒரு வரியில் பதில் அடிக்கச் சொன்னார். அடித்தேன். உறையில் எங்கள் தெருவின் பெயரையும் அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து மாலைப் போட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எர்ணாகுளத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள் அப்போது.

"அக்கா, ஒன்ன சங்கடப்படுத்தணும்னு இல்ல. ஆனா ஒனக்குத் தெரியும்ல?"

போட்டு வெல்லிங்டன் தீவைத் தாண்டியது. பிறகு சொல்லிவிட்டேன். ஐந்து தலைப்பு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு.

"தலைமைக்கு ஒண்ணா?" அவள் குரல் உயர்ந்ததில் முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "எந்த நாய் போட்டுச்சு அத?"

"நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் தாள், ஒரிஜினாலிட்டி, ஒன்பது ஐந்தால் சமமாகப் பிரியாதது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். போட்டு கரையணையும்போது என் பக்கம் திரும்பினாள்.

"பொறுமைக்கு ஒண்ணப் போட்டுட்டுத் தலைமைக்கு ரெண்டப் போட்டிருக்கக் கூடாதா அக்கா?"

இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் காலை குழாயடியில் எங்கள் குடத்துக்கு முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தாள். மொத்தமே முப்பத்தெட்டுக் குடம்தான். அதற்கு மறுநாளும் அதே எண். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

"அந்த அஞ்சு நம்பரையும் வரிசையாச் சொல்லு. எழுதிக்கறேன். ஒன் பேரு எங்கயும் வராது."

அந்த ஐந்து எண்களோடு இரண்டாவது கடிதம் பிரின்சிபால் மேஜைக்கு வந்த அன்று கல்லூரி கலங்கியது. அவளுக்கு ஏன் ஒன்பது என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கேள்வி. பீரோவுக்குப் புதுப்பூட்டு வாங்கப்பட்டது. பியூனை இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. நன்னடத்தை உள்ள பெண் என்று என் கோப்பில் எழுதியிருந்தது. எழுதியவர் என்னை ஐந்து நிமிடம் பார்த்திருப்பார்.

அவளையும் அவளுடைய அத்தாவையும் அழைத்தார்கள். குறிப்பெடுக்க என்னை ஒரு மூலையில் உட்கார வைத்தார் பிரின்சிபால். மூத்த விரிவுரையாளரும் இருந்தார். அத்தா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையில் மிளகு வாசனை. நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"ஆரா ஈ நம்பர் தந்நது?" இந்த எண்களை யார் கொடுத்தார்கள் என்று பிரின்சிபால் கேட்டார்.

"அப்போள் நம்பர் சரியாணு, அல்லே சார்?" என்றாள் அவள், அப்படியானால் எண்கள் சரிதானே என்று.

பிரின்சிபால் மேஜையிலிருந்த மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சரி என்றால் ஒப்புக்கொண்டதாகும். தவறு என்றால் சரியானதைக் காட்ட வேண்டும். அந்த இடைவெளியில் அத்தா முதல்முறையாகப் பேசினார். மலையாளத்தில் அல்ல, தமிழில்.

"நான் முப்பது வருசமா தராசுல நிக்கறேங்க. சரக்கு கொண்டாறவன் முள்ளப் பாக்கணும்னா விலகி நின்னு காட்டுவேன். காட்டாட்டி அவன் அடுத்த வாட்டி வரமாட்டான்."

பிரின்சிபாலுக்குத் தமிழ் புரியும். புரியாத மாதிரி ஜன்னலைப் பார்த்தார். மூத்த விரிவுரையாளர் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்பத்தொன்றாம் வரியை விரலால் தேடினார்.

"இதில் என்றே ஒப்புண்டு" என்றார். "பக்ஷே ஞான் ஈ மார்க்கு இட்டதில்லல்லோ."

கையெழுத்து என்னுடையது, மதிப்பெண் நான் போட்டதில்லை. அவ்வளவுதான் சொன்னார். வீரமாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் காது மட்டும் சிவந்திருந்தது. ஆனால் அறையில் காற்று மாறிவிட்டது. பிரின்சிபால் தாளைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது டைப்பிங் மிஸ்டேக்காணு. பத்தொன்பதாணு. ஒண்ணு வீணிட்டில்ல."

பத்தொன்பதில் ஒன்று விழவில்லையாம். எங்கள் இயந்திரத்தில் ஒன்றுக்குத் தனி விசையே கிடையாது, ஆங்கில எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிக்க வேண்டும் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஐந்து தலைப்பையும் கூட்டினால் ஒன்பதுதானே வருகிறது என்றும் கேட்டிருக்கலாம். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் சார், என் தவறு.

கவனக்குறைவுக்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. அந்த மெமோவையும் நான்தான் அடித்தேன். விளக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன்; இனி எண்களில் கவனமாக இருப்பேன் என்று. செய்த குற்றத்துக்கு என்னை யாரும் கேட்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டேன். புதிய தாள் அடிக்கும்போது நாற்பத்தொன்றுக்குப் பத்தொன்பதைப் பிரித்துப் போடச் சொன்னார்கள். தலைமைக்கு ஐந்து போட்டேன். பொறுமைக்கு மூன்று, அதற்கு மேல் போட மனசாட்சி இடம் தரவில்லை.

அவளுக்குச் சீட்டுக் கிடைத்தது. கடிதங்கள் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாருடைய மதிப்பெண்ணையும் பலகையில் ஒட்டாமல் வரமாட்டேன் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். போட்டில் கேட்டும்விட்டேன்.

"அக்கா, நீ சம்பளம் வாங்கிட்டு நியாயம் பேசுற" என்றாள். "எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி. நான் மொதல்ல உள்ள போறேன்."

நான் ராஜினாமா செய்யவில்லையே. அடுத்த வருடம் பென்சில் தாள் வந்தபோது தலைப்புகளை நீங்களே பிரித்துத் தாருங்கள் சார், மறுபடி பிழை வந்துவிடும் என்றேன். அவருக்கு நேரமில்லை, வேறொரு குமாஸ்தாவிடம் கொடுத்தார். என் புரட்சி அவ்வளவுதான். அவள் பி.எட். முடித்து தேவராவில் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். எந்தப் பாடத் தேர்விலும் விடைத்தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, மார்க்கு குறைந்த இடத்தைக் காட்டாமல் விடமாட்டாள் என்று சொல்வார்கள். சக ஆசிரியர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் புது பிரின்சிபால் வந்தார். வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றார். ஐந்து தலைப்பின் மதிப்பெண்ணும் பெயரோடு பலகையில் ஒட்டப்படும் என்று உத்தரவு. முதல் முறையாக நேர்முகக் குழு நடுங்கியது. பலகையில் கண்ணாடிக்குப் பின்னால் ஏறிய தாளைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அத்தனை பேருக்கும் தலைமை மூன்று, பொறுமை மூன்று, பேச்சு மூன்று, தோற்றம் மூன்று, நன்னடத்தை மூன்று. வந்து கேட்க ஒருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. மறு வருடம் அந்த இருபத்தைந்தையே எடுத்துவிட்டார்கள். விளக்கக் கையேட்டின் முதல் பக்க வாக்கியத்தை மட்டும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் கார்பன் தாள் வாங்க எர்ணாகுளம் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். வழக்கமாகப் போகும் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதர் திருப்பூணித்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். முப்பத்தைந்து வயது இருக்கும். பில்லில் கல்லூரியின் பெயரை எழுதும்போது, தானும் ஒருமுறை அங்கே பி.எட்.டுக்கு வந்ததாகச் சொன்னார். எந்த வருடம் என்று கேட்டேன். அதே வருடம். டிகிரியில் நல்ல மார்க்கு. எந்தக் கடிதமும் கொண்டுவரவில்லை.

"இன்டர்வ்யூவில் எனிக்கு விக்கிப்போயி" என்றார். பேச்சு திக்கிவிட்டதாம். "ஒரு மாஷாகான் விக்கு பாடில்லல்லோ. அதுகொண்டு கிட்டியில்ல." ஆசிரியர் ஆகிறவருக்குத் திக்கக்கூடாது அல்லவா, அதனால்தான் கிடைக்கவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் தினமும் காலையில் செய்தித்தாளை உரக்கப் படித்துப் பழகி, திக்குவதை அநேகமாகச் சரி செய்துகொண்டாராம். அதற்குள் வேறெங்கும் விண்ணப்பிக்கும் வயதும் மனமும் போய்விட்டது. குறை எதுவும் சொல்லவில்லை அவர். சாதாரணமாகத்தான் சொன்னார்.

கார்பன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவரிடம் உண்மையைச் சொன்னேன். நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்பே மதிப்பெண் போட்டாயிற்று, திக்கியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஒன்பதையோ பத்தையோ பிரித்துப் போட்டவளே நான்தான் என்று.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஆறுதலுக்காக ஒரு பெண் இவ்வளவு தூரம் கதை கட்டுகிறாளே என்ற பார்வை.

"இல்ல இல்ல மேடம்" என்றார். "எனிக்கு விக்கிப்போயி. நல்லோணம் ஓர்மயுண்டு."

நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் திரும்பினார்.